ஏழாண்டு தாங்கும் கறுப்பு

ரஷ்ய மகாராணிக்காக லண்டனில் பிறந்து, லண்டனிலேயே மறக்கப்பட்டு, ரயில் பாலத்தின் அடியில் மறுபடி எழுந்திருக்கும் ஸ்டவுட் பியர். அதற்கு இப்போது வரி என்ற புதுச் சோதனை.

லண்டன் பாலத்துக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரைக்குப் பின்னால் நீள்கிறது பார்க் ஸ்ட்ரீட். எழுத்தில் சவுத்வார்க், பேச்சில் சதர்க் என்று இரட்டைப் பெயரோடு வாழும் பேட்டை. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கைத் தேடி வரும் சுற்றுலாக் கூட்டம் இந்தத் தெருவைக் கடந்துதான் போகிறது. சுவரில் பதித்திருக்கும் ஒரு பலகைக்கு முன்னால் சிலர் நிற்கிறார்கள். பெரும்பாலோர் நிற்பதில்லை.

அந்தப் பலகை நினைவூட்டுவது ஓர் அடிதடியை. 1850 செப்டம்பரில் ஆஸ்திரிய ராணுவத் தளபதி ஹேய்னாவ் இங்கிருந்த பியர் ஆலையைச் சுற்றிப்பார்க்க வந்தார். ஹங்கேரிப் புரட்சியை ஒடுக்கியபோது பெண்களைச் சவுக்கால் அடிக்கச் சொன்னவர் என்று ஐரோப்பா முழுக்கப் பெயர் கெட்டிருந்த மனிதர். பார்வையாளர் புத்தகத்தில் அவர் போட்ட கையெழுத்து யாருடையது என்று தெரிந்ததுதான் தாமதம். பீப்பாய் வண்டிக்காரர்களும் கூலியாட்களும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு விரட்டினார்கள். தளபதி ஆற்றங்கரை மதுக்கடை ஒன்றில் ஓடி ஒளிந்தார். போலீஸ் வந்து படகில் ஏற்றிக் காப்பாற்றியது. 14 ஆண்டுகள் கழித்து லண்டன் வந்த இத்தாலிய வீரர் கரிபால்டி, அந்தத் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்ல இந்த ஆலைக்கே நேரில் வந்தார்.

ஆலையின் பெயர் ஆங்கர். 1616-ல் தொடங்கியது, 19-ம் நூற்றாண்டில் உலகத்தின் மிகப் பெரிய பியர் ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. 1981-ல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பலகையையும் சில தெருப் பெயர்களையும் தவிர மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் இங்கே வடிக்கப்பட்ட ஒரு சரக்கு மட்டும் சாக மறுக்கிறது. மை போலக் கறுப்பு, பாகு போலக் கெட்டி, சாதாரண பியரைப் போல இரண்டு மடங்கு போதை. ‘இம்பீரியல் ஸ்டவுட்’ என்பது அதன் பட்டப்பெயர்.

சுமைதூக்கிகளின் பானம்

பட்டம் ராஜபரம்பரையுடையதாக இருந்தாலும் பிறப்பு அப்படியல்ல. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களிலும் கப்பல் துறைகளிலும் மூட்டை சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் விரும்பிக் குடித்த கரும்பழுப்புப் பியருக்கு அவர்களுடைய பெயரே வந்தது: போர்ட்டர். அதிலேயே கொஞ்சம் வலுவானதற்கு ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்று பெயர். ஸ்டவுட் என்றால் அன்றைய வழக்கில் வலுவானது என்றுதான் பொருள், கறுப்பு என்றல்ல. நாளடைவில் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் நிலைத்தது.

போர்ட்டர்தான் உலகில் முதன்முதலாகத் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்த பியர். மாதக்கணக்கில் பெரிய மரத் தொட்டிகளில் ஊறவைத்தால் சுவை கூடும் என்பதால், பணம் படைத்தவர்களால்தான் அந்தத் தொழிலில் நிற்க முடிந்தது. யார் தொட்டி பெரியது என்று ஆலைகளுக்குள் போட்டியே நடந்தது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு அருகே ஒரு போர்ட்டர் ஆலையின் ராட்சதத் தொட்டி வெடித்து, பியர் வெள்ளமாகப் பாய்ந்து பக்கத்துக் குடிசைப் பகுதிக்குள் புகுந்தது. பெண்களும் குழந்தைகளுமாக எட்டுப் பேர் செத்தார்கள்.

ஆங்கர் ஆலை 18-ம் நூற்றாண்டில் திரேல் குடும்பத்தின் கையில் இருந்தது. ஹென்றி திரேல் சதர்க் தொகுதி எம்.பி.; ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய நண்பர். ஆலையை ஒட்டிய வீட்டில் ஜான்சனுக்கென்று ஓர் அறையே ஒதுக்கியிருந்தார்கள். 1781-ல் திரேல் இறந்தபோது, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஜான்சன் தலையில் விழுந்தது. சட்டையில் பேனாவும் மைக்கூடுமாக அந்த இலக்கிய மேதை ஆலையை விற்க ஓடியாடி அலைந்ததை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் ரசித்துச் சொல்கிறார்கள். இங்கே விற்பது வெறும் கொப்பரையும் தொட்டியும் அல்ல, கனவிலும் காணாத செல்வத்துக்கான வழி என்ற கருத்தில் அவர் சொன்ன வாக்கியம் ஆங்கிலத்தில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. விலை 1,35,000 பவுண்டு. வாங்கியவர்கள் வங்கிக் குடும்பமான பார்க்ளேயினரும், ஆலையின் மேலாளராக இருந்த பெர்கின்ஸும். அன்று முதல் அது பார்க்ளே பெர்கின்ஸ் ஆலை.

1796 ஆகஸ்டில் ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தன் நாட்குறிப்பில் ஒரு விருந்தைப் பற்றி எழுதினார். அங்கே அவருக்கு ஊற்றிய போர்ட்டர் ரஷ்ய மகாராணிக்கென்றே தனியாக வடித்தது என்றும், ஏழாண்டு கெடாமல் இருக்கும் என்றும் விருந்தளித்தவர் சொன்னாராம். அந்த மகாராணி இரண்டாம் கேதரின். அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். சுமைதூக்கியின் பானம் அரண்மனை ஏறிவிட்டது என்பதற்கான கைச்சான்று இந்த நாட்குறிப்பு.

தேங்காய்ப்பால் கணக்கு

இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? தமிழ்ச் சமையலறைக்கு இதைப் புரியவைப்பது எளிது. தேங்காயைத் துருவிப் பிழிந்தால் முதல் பால் கெட்டி. மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். பிறகு மூன்றாம் பால். பார்லியும் அப்படித்தான். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் முதலில் இறங்கும் சாறு தித்திப்பும் கெட்டியுமாக இருக்கும். சாதாரண பியருக்கு எல்லாப் பாலையும் கலப்பார்கள். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு முதல் பால்தான் முக்கியம். சாறில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ, ஈஸ்ட் அதைத் தின்று அவ்வளவு ஆல்கஹாலாக மாற்றும். சாதாரண பியரில் ஆல்கஹால் 4, 5 சதவீதம். இதில் 9, 10, சில சமயம் அதற்கும் மேல். அதனால் ஒரு தொட்டி இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு வேண்டிய தானியத்தில் கிட்டத்தட்ட இரண்டு தொட்டி சாதாரண பியர் வடித்துவிடலாம்.

கறுப்பு நிறத்துக்குக் காரணம் வேறு. தொடக்க காலத்தில் விறகுத் தீயில் சூடேற்றிய பழுப்பு மால்ட்டுதான் போர்ட்டருக்கு நிறமும் மணமும் கொடுத்தது. சாறில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளக்கும் ஹைட்ராமீட்டர் கருவி 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகளுக்குள் நுழைந்தபோது முதலாளிகளுக்கு ஓர் உண்மை தெரிந்தது. பழுப்பு மால்ட் விலை குறைவு. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அதைவிடக் குறைவு. வெளிர் மால்ட்டுதான் லாபம். ஆனால் நிறத்துக்கு என்ன செய்வது? 1817-ல் டேனியல் வீலர் என்பவர் விடை கண்டார். காப்பிக்கொட்டை வறுப்பதுபோல, சுழலும் இரும்பு உருளைக்குள் மால்ட்டைக் கரியாகும் எல்லை வரை வறுக்கும் முறைக்கு அவர் காப்புரிமை வாங்கினார். ஒரு பிடி போட்டாலே தொட்டி முழுக்கக் கறுக்கும். இன்றைக்கு ஸ்டவுட் என்றதும் நினைவுக்கு வரும் கருகிய காப்பி வாசனை அந்த உருளையிலிருந்து கிளம்பியதுதான்.

மூன்றாவது சரக்கு ஹாப்ஸ். கென்ட் மாவட்டத் தோட்டங்களில் கொடியில் காய்க்கும் இந்தப் பூங்கொத்துகள் வண்டி வண்டியாக வந்து இறங்கியது சதர்க்கில்தான். ஹாப்ஸ் வியாபாரத்துக்காக 1860-களில் எழுப்பிய ஹாப் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இன்றும் இங்கே கம்பீரமாக நிற்கிறது. ஹாப்ஸ் கசப்பு தரும். பியரைக் கெடாமலும் காக்கும். நெடுநாள் வைக்க வேண்டிய ஸ்டவுட்டில் அதை வாரிக் கொட்டினார்கள்.

நான்காவதாக ஒன்று இருந்தது. அது யாருக்கும் தெரியாமல் வேலை செய்தது. மரத் தொட்டிகளின் இடுக்குகளில் குடியிருந்த ஒரு காட்டு ஈஸ்ட், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பியரை மாற்றி, தோலும் பழமும் கலந்தாற்போன்ற ஒரு முதிர்ந்த வாசனையைக் கொடுத்தது. 1904-ல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாஸன் என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும் ‘பிரெட்டனோமைசிஸ்’ என்ற பெயரைச் சூட்டினார்.

பால்டிக் கடலும் வங்காள விரிகுடாவும்

கடல் குளிரில் உறைந்துவிடாமல் இருக்கத்தான் இத்தனை போதை ஏற்றினார்கள் என்று மதுக்கடைகளில் ஒரு கதை உலவுகிறது. அது பிற்காலக் கற்பனை. நெடும்பயணத்தையும் நெடுநாள் இருப்பையும் தாங்குவதற்கும், பணக்கார வாடிக்கையாளர்களின் ருசிக்கும்தான் அந்த வலு.

இந்த ஏற்றுமதியில் பேர் வாங்கியவர் வியாபாரி லெ காக். ஸ்டவுட்டைப் புட்டிகளில் அடைத்துத் தன் பெயர் பொறித்து பால்டிக் துறைமுகங்களுக்கு அனுப்பினார். 1869-ல் அந்தப் புட்டிகளோடு போன ‘ஒலிவா’ என்ற கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியது. 105 ஆண்டுகளுக்குப் பிறகு, 1974-ல், நார்வே முக்குளிப்பாளர்கள் அந்தக் கப்பலிலிருந்து லெ காக் பெயர் பொறித்த புட்டிகளை வெளியே கொண்டுவந்தார்கள். கிரிமியப் போரில் காயமடைந்த ரஷ்யச் சிப்பாய்களுக்கு இலவசமாக ஸ்டவுட் அனுப்பி ஜார் மன்னரின் மதிப்பைப் பெற்றது அந்த நிறுவனம் என்று அதன் சொந்த வரலாறு பெருமையோடு சொல்கிறது. 1912-ல் லெ காக் கம்பெனி ரஷ்யப் பேரரசுக்குள்ளேயே, இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் ஓர் ஆலையை வாங்கி அங்கேயே ஸ்டவுட் காய்ச்சத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. சோவியத் ஆட்சி வந்ததும் ஆலை அரசுடைமையானது.

இந்த ரஷ்ய வியாபாரத்துக்கும் இந்தியாவுக்கும் எதிர்பாராத ஒரு முடிச்சு இருக்கிறது. இங்கிலாந்தின் நடுவே உள்ள பர்ட்டன் நகரத்து ஆலைகளும் ரஷ்யாவுக்குத் தித்திப்பான ஏல் பியர் அனுப்பிப் பிழைத்துவந்தன. 1822-ல் ரஷ்யா பிரிட்டிஷ் பொருள்கள்மீது கடும் சுங்கவரி போட்டது. லண்டன் போர்ட்டர் தப்பித்தது. பர்ட்டன் ஏல் மாட்டிக்கொண்டது. பிழைக்க வேறு சந்தை தேடிய பர்ட்டன்காரர்களின் கண் கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் திரும்பியது. கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த வெள்ளை அதிகாரிகளுக்காக அவர்கள் வெளிர்நிறக் கசப்புப் பியர் காய்ச்சினார்கள். அதுதான் பின்னாளில் ‘இந்தியா பேல் ஏல்’ என்று உலகப் புகழ் பெற்றது.

பேல் ஏல் அதிகாரிகளின் பானம். சாதாரணச் சிப்பாய்க்கு கப்பலில் வந்தது போர்ட்டர். பீரங்கிப் படை முகாம்களிலும் பாளையங்களிலும் வெயிலில் வெந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் குடித்தது அதே லண்டன் கறுப்பைத்தான். வரலாறு அதிகாரியின் பியருக்கு மட்டும் இந்தியாவின் பெயரைச் சூட்டிவிட்டு, சிப்பாயின் பியரை மறந்துவிட்டது.

நுவரெலியாவில் ஒரு வாரிசு

ஆனால் தெற்காசியா அந்தக் கறுப்பை அடியோடு மறக்கவில்லை. இலங்கையின் மலையகத்தில், தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் தேயிலை விளையும் நுவரெலியாவில், 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஒரு பியர் ஆலை தொடங்கினார்கள். குளிரும் அருவித் தண்ணீரும் கிடைத்த அந்த மலையில் நூறாண்டுக்கு மேல் பியர் காய்ச்சினார்கள். அங்கே பிறந்த லயன் ஸ்டவுட் 8.8 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதைக் கண்டியின் ஒரு பழைய கடையில் சுவைத்துவிட்டு உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, அதே பெயர் கொண்ட ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர். உற்பத்தி இன்று மலையிலிருந்து இறங்கி கொழும்புக்கு அருகே பியகமவுக்கு வந்துவிட்டது. ஆனால் காலனிக் காலத்து லண்டன் ருசி தொடர்ந்து விடாமல் பிழைத்திருக்கும் மிகச் சில இடங்களில் இலங்கை ஒன்று.

லண்டனிலோ நிலைமை வேறு. முதல் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது அரசு பியரின் வலுவைக் குறைக்கச் சொன்னது. போருக்குப் பிறகும் பழைய வலு திரும்பவில்லை. லண்டன் மக்களின் நாக்கு மென்மையான பியருக்கும் பிறகு லாகருக்கும் பழகியது. 1955-ல் பார்க்ளே பெர்கின்ஸ், போட்டி நிறுவனமான கரேஜுடன் இணைந்தது. ‘இம்பீரியல் ரஷ்யன் ஸ்டவுட்’ மட்டும் குட்டிப் புட்டிகளில், ஆண்டு பொறித்த லேபிளோடு, விவரம் தெரிந்த சிலருக்காக வந்துகொண்டிருந்தது. உற்பத்தி லண்டனை விட்டு வடக்கே யார்க்‌ஷயர் வரை போனது. 1993-ல் அதுவும் நின்றது.

அக்கரையிலிருந்து திரும்பிய ருசி

விதை மட்டும் அதற்குள் கடல் தாண்டியிருந்தது. மைக்கேல் ஜாக்சனின் புத்தகங்களைப் படித்த அமெரிக்கர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே இம்பீரியல் ஸ்டவுட்டைத் தங்கள் சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சத் தொடங்கினார்கள். 1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை அதை போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறவைத்தது. வெனிலாவும் கருகிய மரமும் கலந்த அந்த ருசி ஒரு பைத்தியமாகவே பரவியது.

இங்கிலாந்தில் விழித்துக்கொண்டது சஸெக்ஸ் மாவட்டத்தின் லூயிஸ் நகரிலுள்ள பழைய ஹார்வீஸ் ஆலை. 1990-களின் இறுதியில் டார்ட்டுக்காரர்களோடு தொடர்பு ஏற்பட்டு, லெ காக் பெயரிலேயே 9 சதவீத ஸ்டவுட்டை மீண்டும் காய்ச்சியது. புட்டியில் அடைத்த பிறகு ஒரு காட்டு ஈஸ்ட் தானாக வேலையைத் தொடங்கியது ஆலைக்காரர்களுக்கே ஆச்சரியம்.

லண்டனுக்கு அது திரும்பியது 2009-ல். இவின் ஓரியர்டான் பாலாடைக்கட்டி வியாபாரத்தில் இருந்தவர். வேலையாக நியூயார்க் போனபோது, அங்கே பியரைப் பற்றி மனிதர்கள் எவ்வளவு அக்கறையோடு பேசுகிறார்கள் என்று கண்டார். திரும்பி வந்து சதர்க்கை அடுத்த பெர்மாண்ட்ஸியில், ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் ‘கெர்னல்’ ஆலையைத் தொடங்கினார். பழைய லண்டன் கணக்கேடுகளிலிருந்த செய்முறைகளை எடுத்துக் காய்ச்சினார். அதிலொன்றின் பெயரே ‘இம்பீரியல் பிரவுன் ஸ்டவுட், லண்டன் 1856’. லண்டன் தன் சொந்தப் பானத்தை அமெரிக்காவிடமிருந்து திரும்பக் கற்றுக்கொண்ட கதை இது.

வளைவுகளின் அடியில்

லண்டன் பாலத்திலிருந்து கிழக்கே போகும் இந்த ரயில் பாலத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1836-ல் திறக்கப்பட்ட லண்டன் – கிரீன்விச் பாதைக்காக 878 செங்கல் வளைவுகள் கட்டினார்கள். லண்டன் மாநகரின் முதல் ரயில் நிலையம் இந்த பெர்மாண்ட்ஸியில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கு அடியிலும் குகை போல ஒரு கூடம். மெக்கானிக் பட்டறைகளும் கிடங்குகளும் இருந்த அந்தக் கூடங்களில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வரிசையாகப் பியர் ஆலைகள் முளைத்தன. ‘பெர்மாண்ட்ஸி பியர் மைல்’ என்று பெயர் வந்தது. சனிக்கிழமைகளில் கெர்னலின் வாசலில் சேர்ந்த கூட்டம் தாங்காமல், ஒரு கட்டத்தில் அங்கேயே குடிப்பதை நிறுத்தி, வெகுநாள் கழித்துத்தான் மறுபடி இடம் கொடுத்தார்கள். அதே பாதையில் 2014-ல் கடை விரித்த ஆன்ஸ்பாக் அண்ட் ஹாப்டே, சுமைதூக்கிகளின் போர்ட்டரைத் தன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டது.

தலைக்கு மேல் நாலைந்து நிமிடத்துக்கொரு ரயில். ஒவ்வொன்றுக்கும் மேசை லேசாக அதிர்கிறது. இம்பீரியல் ஸ்டவுட் கேட்டால் பெரிய கிளாஸில் ஊற்றித் தரமாட்டார்கள். பைண்டில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 190 மில்லி. முதல் தடவை வருகிறவர்கள் ஏமாந்துபோய்க் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஊற்றும்போதே தெரியும். மற்ற பியர் சலசலவென்று விழும். இது எண்ணெய் போல வழிகிறது. விளக்குக்கு நேரே பிடித்தாலும் ஒளி புகாது; ஓரத்தில் மட்டும் மாதுளைத் தோல் சிவப்பு. மேலே வரும் நுரை வெள்ளை அல்ல, டிகிரி காப்பியின் பழுப்பு. அதுவும் சீக்கிரம் அடங்கிவிடும். ஐஸ் போல் குளிர வைத்தால் ருசி ஊமையாகிவிடும். 12, 13 டிகிரியில், ஏறக்குறைய நிலவறைக் குளிர்ச்சியில்தான் வாய் திறக்கும்.

முதலில் மூக்கு. வறுத்த காப்பிக்கொட்டை, கருப்பட்டிப் பாகு, திராட்சை வற்றல், பேரீச்சம்பழம். கொஞ்சம் சூடேறியதும் பழைய தோல் பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாசனை. பிறகு நாக்கு. முன்னால் தித்திப்பு, நடுவே லேசான புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது கசப்பு. அந்தக் கசப்பு உடனே போவதில்லை. சுண்டைக்காய் வற்றலும் பாகற்காயும் தின்று வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. கசப்புக்குப் பிறகு வரும் தித்திப்புக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கடைசியாக, நெஞ்சில் சுக்குக் கஷாயம் குடித்ததுபோல மெதுவான ஒரு கதகதப்பு. 10 சதவீதம் தன்னை அறிவித்துக்கொள்வது அங்கேதான்.

இந்தியாவில் ‘ஸ்ட்ராங்’ என்று லேபிள் ஒட்டி விற்பதும் 8 சதவீதம் வரை போகிறது. நம் நாட்டில் விற்கும் பியரில் பெரும்பகுதி அந்த ரகம்தான். ஆனால் அது வெளிர் லாகர்; ஐஸ் போலக் குளிரவைத்து, ருசி தெரிவதற்குள் விழுங்கிவிட வேண்டியது. கொடுக்கும் காசுக்கு எவ்வளவு ஏறும் என்பதுதான் அங்கே கணக்கு. இங்கே 190 மில்லிக்கு முக்கால் மணி நேரம் செலவழிக்கிறார்கள். இரண்டாவது கிளாஸ் கேட்பவர்கள் குறைவு.

அதற்குக் காரணமும் இருக்கிறது. பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் 2016 அறிவுரைப்படி ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் குடிக்காமல் இருப்பது நல்லது. யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். 10 சதவீத ஸ்டவுட் 330 மில்லி புட்டி ஒன்றில் 3.3 யூனிட். நான்கு புட்டியோடு ஒரு வாரத்துக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. ருசி எவ்வளவு நாகரிகமானதாக இருந்தாலும் ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

போதைக்குப் போட்ட வேலி

அரசின் வாதமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 2011-ல் பிரிட்டன் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியர்களுக்குக் கூடுதல் வரி போட்டது. குறி, மலிவான டப்பா லாகரைக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்கள். 2023 ஆகஸ்டில் மதுவரி முறையையே மாற்றி, போதைக்கு ஏற்ற வரி என்று கொண்டுவந்தார்கள். பியரோ ஒயினோ, 8.5 சதவீதத்தைத் தொட்டால் ஒரே விகிதம்: ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 28.50 பவுண்டு. அதற்குக் கீழே உள்ள சாதாரண பியருக்கு 21.01 பவுண்டு.

கணக்குப் போட்டால் புரியும். அந்த விகிதப்படி 5 சதவீதப் பியர் 330 மில்லிக்கு வரி சுமார் 35 பென்ஸ். 10 சதவீத ஸ்டவுட்டுக்கு 94 பென்ஸ். ஆல்கஹால் இரண்டு மடங்கு. வரி இரண்டே முக்கால் மடங்கு. விற்பனை வரி தனி. விகிதங்கள் பிறகும் உயர்ந்திருக்கின்றன.

அடி அதோடு நிற்கவில்லை. சின்ன ஆலைகளுக்கு அரசு தரும் வரிச் சலுகை 8.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள சரக்குகளுக்கு மட்டும். குழாயில் ஊற்றி விற்கும் பியருக்கான சலுகைக்கும் அதே வேலி. ஆக, வளைவுக்குள் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு காய்ச்சுகிறவரும் பன்னாட்டுக் கம்பெனியும் இம்பீரியல் ஸ்டவுட் விஷயத்தில் ஒரே தட்டில் நிறுத்தப்படுகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. புது முறை வந்ததும் சில பிரபல பியர்களின் ஆல்கஹாலை 3.4 சதவீதத்துக்கு இறக்கி, குறைந்த வரி வளையத்துக்குள் நுழைந்துகொண்டார்கள். 10 சதவீத ஸ்டவுட்டை 8.4-க்கு இறக்கினால் வரி மிச்சமாகும். ஆனால் பெயரும் வலுவும் ஒன்றாகவே பிறந்த சரக்கு அது.

வாடகையும் இருக்கிறது. ரயில் வளைவுகள் தேசத்தின் சொத்தாக இருந்தவை. 2019-ல் அவற்றை 146 கோடி பவுண்டுக்குத் தனியார் முதலீட்டாளர்களிடம் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை ஏறும் என்று பட்டறைக்காரர்களும் ஆலைக்காரர்களும் அப்போதே குரல் கொடுத்தார்கள். பார்லி விலையும் மின்கட்டணமும் ஏறியபோது, பெர்மாண்ட்ஸியில் சில பெயர்ப்பலகைகள் இறங்கின, சில கைமாறின.

இம்பீரியல் ஸ்டவுட்டின் தொல்லை அதன் பொறுமைதான். இன்று காய்ச்சினால் நாளைக்கு விற்க முடியாது. மாதக்கணக்கில் தொட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் லாகராக இருந்தால் பல தடவை காய்ச்சி விற்று முடித்திருக்கலாம். வாங்குகிறவரும் உடனே குடிப்பதில்லை. ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டைப் பரணில் வைக்கிறார். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலத்தை ஒட்டிக் காய்ச்சுவதோடு பல ஆலைகள் நிறுத்திக்கொள்கின்றன.

பார்க் ஸ்ட்ரீட்டில் ஜான்சன் விற்றுக்கொடுத்த ஆலை முதலாளிகளைக் கோடீஸ்வரர்களாக்கியது இந்தச் சரக்குதான். இன்று பெர்மாண்ட்ஸி வளைவுகளில் இதைக் காய்ச்சுகிறவர்களுக்கு சோறு போடுவது வெளிர் பியர். அந்த லாபத்தில் ஒரு பங்கை எடுத்துக் கறுப்பைக் காய்ச்சுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் வியாபாரக் காரணம் அல்ல: இந்தப் பேட்டையில் பிறந்த ஒன்று இந்தப் பேட்டையிலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான்.

அன்று ஃபாரிங்டனின் விருந்தில் பேசப்பட்டதுபோல, நன்றாகக் காய்ச்சினால் இன்றைக்கும் இந்த ஸ்டவுட் ஏழாண்டு தாங்கும். மூலையில் அடுக்கியிருக்கும் புட்டிகளில் இந்த ஆண்டின் தேதியை எழுதி ஒட்டுகிறார்கள். மேலே கிரீன்விச் ரயில் போகிறது. புட்டிகள் ஒன்றோடொன்று மோதி லேசாகச் சத்தம் போடுகின்றன. வளைவின் வாடகைச் சீட்டு ஏழாண்டு தாங்குமா என்பதற்கு மட்டும் எந்தப் பழைய கணக்கேட்டிலும் செய்முறை எழுதியிருக்கவில்லை.